எஸ்இஓ-வுக்கு மாதம் 12,000: மாசி வீதிக் கடைக்குக் கட்டுப்படியாகுமா?

சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மஞ்சப்பையோடு என் அலுவலகப் படியேறி வருவார். ஜிஎஸ்டியில் சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரி ஏற்பாடான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். காலாண்டு முடிந்த மறுமாதம் 18-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டினால் போதும். பையைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் கொட்டுவார். சாயப்பட்டறை பில், பார்சல் ஆபீஸ் ரசீது, கரண்ட் பில், ஷட்டருக்கு வெல்டிங் வைத்த துண்டுச்சீட்டு எல்லாம் ஒன்றாக விழும். இந்த ஏப்ரலில் விழுந்ததில் புதிதாக மூன்று பில். மூன்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி: எஸ்இஓ சர்வீஸ் மாதச் சந்தா 12,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,160, ஆகமொத்தம் 14,160. மூன்று மாதத்துக்கு 42,480.

"என்னண்ணே இது?"

"கூகுள்ல நம்ம கடைய மேல கொண்டாறாங்களாம் சார். மருமகன்தான் சேத்துவிட்டாரு."

"வந்துச்சா?"

"ரிப்போர்ட்டு வருது."

நான் ஆடிட்டர் இல்லை. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். மதுரையில் ஜிஎஸ்டி போட்டுக் கொடுக்கிற எல்லோருக்கும் ஆடிட்டர் சார் என்றுதான் பெயர், அந்த வகையில் நானும் ஒருத்தன். வெப்சைட் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்தவர் காசு எந்த வாசலில் போகிறது, எந்த வாசலில் திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப் பார்க்கையில் இந்த எஸ்இஓ பில், அதாவது கூகுள் தேடலில் கடையை முன்னால் கொண்டுவருகிற வேலைக்கான பில், இப்போது நிறையப் பைகளில் தலைகாட்டுகிறது. நானும் ஒரு காலத்தில் கட்டினவன்தான். அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சின்ன வியாபாரிக்கு முன்னால் இருக்கிற வழிகள் கைவிரலுக்குள் அடங்கும். ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். தானே செய்துகொள்ளலாம். தெரிந்த ஆளுக்கு ஒரு தடவை கூலி கொடுத்து முடித்துக்கொள்ளலாம். ஏஜென்சிக்கு மாதச் சந்தா கட்டலாம். எஸ்இஓ-வே வேண்டாம் என்று அந்தப் பணத்தை விளம்பரத்தில் போடலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் கடைக்கு வருகிற ஆள் எங்கிருந்து வருகிறார், அவர் ஒரு தடவை வந்து போனால் உங்கள் கல்லாவில் என்ன நிற்கிறது, இந்த இரண்டையும் சொன்னால் பதில் தானாக வந்துவிடும்.

மேப்பா, வெப்சைட்டா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கூகுளில் மேலே வருவது என்று எல்லோரும் ஒரே வாயில் சொல்வது உண்மையில் இரண்டு விஷயம். ஒன்று, மேப்போடு சேர்ந்து மூன்று கடைகளின் பெயர், நட்சத்திரம், போன் நம்பரோடு வருகிற பெட்டி. மற்றது, அதற்குக் கீழே வரிசையாக வருகிற வெப்சைட்டுகள். முதலாவதுக்கு வெப்சைட்டே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்கிற இலவச லிஸ்டிங் போதும். 2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு மூன்றைப் பார்ப்பதாக கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடின சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, தேடுகிறவருக்குக் கடை எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது. இதில் நடுவில் உள்ளதை எந்த ஏஜென்சியாலும் அசைக்க முடியாது.

அண்ணனுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது என்று நேரே அவர் கடைக்கே போனேன். தெற்குமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்து. கடை வாசலில் நின்று அவர் போனில் ‘சுங்குடி சேலை கடை’ என்று தேடினோம். மேப் பெட்டியில் இரண்டாவதாக வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீகளா சார், வேல நடந்திருக்குல்ல." நான் என் மகளுக்குப் போன் போட்டேன். திருநகர் வீட்டில் இருந்தாள். அதே சொல்லைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தது. பத்துப் பேர் வரிசையில் அண்ணன் கடை இல்லை. திருப்பரங்குன்றம் பக்கத்து ஜவுளிக் கடைகள் இரண்டு மூன்று அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன.

வாசலில் நிற்கிற ஆளுக்கு இரண்டாவது, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஆளே இல்லை. ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த ஸ்கிரீன்ஷாட் எங்கிருந்து எடுத்தது என்று அவர் கேட்டதே இல்லை. ரேங்க் என்று ஒரே ஒரு எண்ணை யார் காட்டினாலும், எந்த இடத்திலிருந்து தேடினது, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினது என்று இரண்டு கேள்வி கேட்காமல் நம்பக்கூடாது.

95 சேலை

அடுத்தது என் சொந்த ஏரியா. நோட்டை எடுத்தேன்.

அண்ணன் விற்பது பெரும்பாலும் மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற அசல் கட்டுச் சுங்குடி கொஞ்சம்தான் வைத்திருக்கிறார். அசலுக்கு ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு, அதைப் போடுகிற கைகளும் குறைந்துவிட்டன. சாதாரணச் சேலை ஒன்று விற்றால், கடை வாடகை, ஆள் கூலி எல்லாம் போக அவருக்கு நிற்பது 150 ரூபாய். சந்தா 14,160. வகுத்தால் 94 சொச்சம். அதாவது கூகுள் பார்த்துவிட்டு வருகிற புது ஆட்கள் மாதம் 95 சேலை வாங்கினால்தான் அண்ணனுக்குப் போட்ட காசு திரும்பும். அதற்கு மேல் விற்பதுதான் லாபம். ஞாயிறு போக 26 நாள் என்றால் தினம் மூன்று நாலு சேலை, அதுவும் ஏற்கெனவே வருகிற கூட்டத்தைச் சேர்க்காமல்.

இதில் வரி ஒரு தனிக்கதை. ரெகுலர் ஜிஎஸ்டியில் இருப்பவர் அந்த 2,160-ஐ இன்புட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்வார், அவருக்குச் செலவு 12,000 மட்டும். காம்போசிஷன்காரருக்கு இன்புட் கிடையாது. முழு 14,160-ம் கைக்காசு. பல் டாக்டர், கிளினிக் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் கட்டின வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஏஜென்சிக்காரர் ‘12,000 பிளஸ் டாக்ஸ்’ என்று சொல்லும்போது அந்த ‘பிளஸ் டாக்ஸ்’ யாருக்கு வலிக்கும், யாருக்கு வலிக்காது என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஏஜென்சி போட்டுக் கொடுத்த திட்டத்தில் குறிவைத்த ஊர்கள்: பெங்களூர், ஐதராபாத், மும்பை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. சட்டத்திலேயே இடமில்லை. பெங்களூரிலிருந்து ஓர் அம்மா ஆசையாகப் பத்துச் சேலை கேட்டால், அண்ணன் பில் போட முடியாமல் முழிக்க வேண்டும். அந்த ஆர்டர் வேண்டுமென்றால் காம்போசிஷனை விட்டு வெளியே வந்து, ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் வரி போட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்து, எனக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் பணம் வாங்கின ஏஜென்சி இதைக் கேட்கவே இல்லை. அவர்கள் வேலை இல்லை என்று சொல்லலாம். சரி, மருமகனாவது கேட்டிருக்கலாம்.

தானே செய்தால் எவ்வளவு தூரம் போகும்?

மேப்பை நம்பி இருக்கிற கடைக்கு, பாதி தூரத்துக்கு மேலேயே போகும் என்பது என் கணக்கு. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

லிஸ்டிங் கடைக்காரரின் சொந்த ஜிமெயிலில் இருக்க வேண்டும். கூகுள் இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லித்தான் சரிபார்க்கிறது. தெரு தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், நீங்கள்தான் முதலாளி என்று தெரிகிற மாதிரி ஷட்டரைத் திறப்பதோ கல்லாவில் உட்காருவதோ வர வேண்டும். வகை கேட்கும் இடத்தில் ‘துணிக்கடை’ என்று பொதுவாகப் போடாமல் ‘சேலைக் கடை’ என்ற தனி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேப்பில் குத்தின முள் சந்துக்குள் சரியான வாசலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின கடைக்காரர்களிடம் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. பழைய முள்ளைப் பார்த்துவிட்டு மண்டபத்தையே சுற்றிச் சுற்றி வந்த வாடிக்கையாளர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடைப் பெயரை மட்டும் நீட்டக்கூடாது. போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் லிஸ்டிங்கிலும் இருக்க வேண்டும். பெயரோடு ‘பெஸ்ட் சுங்குடி சாரீஸ் இன் மதுரை’ என்று ஒட்டுவது கூகுள் விதிக்கு மாறானது. யாராவது புகார் கொடுத்தால் லிஸ்டிங்கையே முடக்கவும் கூடும். அண்ணன் கடைக்கு அதையும் ஒட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கே எடுத்தோம்.

ரிவ்யூ விஷயத்தில் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். பில் போடும்போது "கூகுள்ல ரெண்டு வரி எழுதிட்டுப் போங்கக்கா" என்று சொன்னால் பத்தில் இரண்டு பேராவது எழுதுவார்கள். எழுதினால் 50 ரூபாய் தள்ளுபடி என்று சொல்வது மட்டும் கூடாது. கூகுள் விதியில் அதற்கும் தடை. காசு கொடுத்து நூறு ரிவ்யூ வாங்குவதும் அதே கதைதான், அது ஒருநாள் மொத்தமாகக் காணாமல் போகும். கோபமாக எழுதின ஒரு ரிவ்யூவுக்குத் தன்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள், அடுத்து படிக்கிறவருக்கு அது பத்து நல்ல ரிவ்யூவுக்குச் சமம்.

தானே செய்வதில் குறை, தொடர்ச்சி இருக்காது. முதல் வாரம் போட்டோ போடுவார்கள், அப்புறம் தீபாவளி வந்துவிடும், மறந்துவிடுவார்கள். வெப்சைட் சம்பந்தமான வேலை, அதாவது பக்கம் மெதுவாகத் திறப்பது, போனில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, கூகுள் ஒரு பக்கத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது மாதிரியான கோளாறுகள், கடைக்காரரால் ஆகாது. என்னாலும் ஆகாது.

நான் ஏமாந்த கதை

சில வருஷத்துக்கு முன்னால் நானும் மாதம் 8,000 என்று ஆறு மாதம் ஓர் ஏஜென்சிக்குக் கட்டினேன். வரி போக 48,000. முதலிடம் உறுதி என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன். ரிப்போர்ட்டில் பச்சை அம்புக்குறியோடு பதினாலு கீவேர்டு, அதாவது தேடுகிற சொற்கள், எல்லாவற்றிலும் ஒன்றாம் இடம். பெருமையாக இருந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலை இல்லாமல் அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். அதில் ஐந்து, என் பெயரும் என் அலுவலகப் பெயரும். என் பெயரைப் போட்டுத் தேடினால் நான்தானே வருவேன்? மிச்சம் எல்லாம் ‘மேலமாசி வீதி மதுரை குறைந்த கட்டண ஜிஎஸ்டி ரிட்டர்ன் கன்சல்டன்ட் சேவை’ என்கிற தினுசு. உலகத்தில் எந்த மனுஷன் இப்படி டைப் அடிப்பான்? யாருமே தேடாத சொல்லில் முதலிடம் வருவதற்குப் போட்டியே கிடையாது.

எனக்குத் தேவைப்பட்ட சொல் ‘ஜிஎஸ்டி ஆடிட்டர் மதுரை’. அதில் நான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் வினை. லிஸ்டிங் அவர்கள் ஜிமெயிலில் இருந்தது. அதில் இருந்த போன் நம்பரும் அவர்களுடையது. அழைப்பை எண்ணுவதற்காக அவர்கள் நம்பர் வழியாக எனக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். சந்தாவை நிறுத்தின மறுவாரம் அந்த நம்பர் செத்துவிட்டது. என் பழைய வாடிக்கையாளர் ஒருத்தர், "சார், ஆபீஸ மூடிட்டீகளா?" என்று நேரில் வந்து கேட்டபோதுதான் எனக்கே தெரியும். லிஸ்டிங்குக்கு உரிமை கோரி கூகுளுக்கு விண்ணப்பித்து, சில நாள் பொறுத்து, ஒரு வழியாக மீட்டேன். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. அதை மீட்க முடியவில்லை, புதுப் பெயர் வாங்கினேன்.

எல்லா ஏஜென்சியும் இப்படி இல்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சின்ன அலுவலகம் நடத்துகிற இரண்டு பேர், "உங்க தொழிலுக்கு இது வேணாம் சார்" என்று ஒருத்தரைத் திருப்பி அனுப்பினதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பேப்பரைப் பார்த்துச் சொல்லலாம். டொமைன் யார் பெயரில், லிஸ்டிங்குக்கு முதலாளி யார், சர்ச் கன்சோல் என்கிற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் ஜிமெயில் உரிமையாளராக இருக்கிறதா, இந்த மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். சர்ச் கன்சோலில் எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு இருக்கும். அதை நீங்களே திறந்து பார்க்க முடிந்தால் வண்ண வண்ண ரிப்போர்ட்டுக்கு அவசியம் இல்லை.

முதலிடம் உறுதி என்கிறவரை அப்போதே வாசலோடு அனுப்பிவிடலாம். யாராலும் அப்படி உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதியிருக்கிறது. நல்ல ஆள் வேலை செய்தாலும் பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் சேலைக்கடை அண்ணன் மூன்று மாதம் கட்டினது எதற்கும் காணாது. கட்டுவதென்றால் ஒரு வருஷம் கட்ட வேண்டும். 1,69,920 ரூபாய். அந்தத் தொகையை முதலிலேயே சொல்லியிருந்தால் அண்ணன் மருமகனையே வேறு கண்ணில் பார்த்திருப்பார்.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங் காலாவதி ஆகப்போகிறது’ என்று வருகிற போனுக்குப் பதில் சொல்லவே வேண்டாம். லிஸ்டிங்குக்கு கூகுள் காசு கேட்பதில்லை.

கப்பலூரில் கணக்கு வேறு

இவ்வளவு சொல்லிவிட்டு, மாதச் சந்தா கட்டுங்கள் என்று நானே சொன்ன ஒருத்தரும் இருக்கிறார். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் கேஸ்கெட், ஓ-ரிங், புஷ் செய்கிறவர். மாதம் 15,000 கட்டுகிறார். ரெகுலர் ஜிஎஸ்டி, அதனால் வரி அவருக்குச் செலவில் சேராது.

அவருக்குத் திருநகரும் தெற்குமாசி வீதியும் ஒன்றுதான், இரண்டிலிருந்தும் யாரும் ஓ-ரிங் வாங்க வரப்போவதில்லை. ஓசூரிலோ புனேயிலோ ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற பையன்தான் அவருடைய வாடிக்கையாளர். அந்தப் பையன் ‘நல்ல ரப்பர் கம்பெனி’ என்று தேடுவதில்லை. ‘இபிடிஎம் கேஸ்கெட், 60 ஷோர் ஏ’ என்று, ரப்பரின் வகையும் கடினத்தன்மையுமாக டிராயிங்கில் இருப்பதை அப்படியே அடிப்பான். நைட்ரைல், இபிடிஎம், சிலிக்கான் என்று பொருள்வாரியாக, கடினத்தன்மைவாரியாக, அளவுவாரியாகத் தனித்தனிப் பக்கம் இருந்தால் அந்தத் தேடலில் இவர் சிக்குவார். முன்பு அவர் வெப்சைட்டில் ‘எங்கள் தயாரிப்புகள்’ என்று ஒரே பக்கம், அதில் பத்துப் போட்டோ, கீழே ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’. எந்தத் தேடலிலும் சிக்காது.

எஸ்இஓ ஆளும் ஃபோர்மேனும் உட்கார்ந்து நாற்பது பக்கத்துக்கு மேல் எழுதினார்கள். ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. முதலாளி எனக்குப் போன் போட்டுப் புலம்பினார். பொறுங்கள் என்றேன். பொறுக்கச் சொல்வது எனக்குச் சுலபம், காசு அவருடையது. அப்புறம் ஓசூரிலிருந்து ஒரு விசாரணை, சாம்பிள் அனுப்பி, அது தேறி, ஆர்டர் ஆனது. அந்த ஒரே வாடிக்கையாளர், மறு ஆர்டர்களோடு சேர்த்து, அந்த வருஷம் தந்த லாபம் இரண்டு லட்சத்தை ஒட்டி. வருஷச் சந்தா 1,80,000. ஒரே ஆளில் ஈடாகிவிட்டது. இரண்டாவதாக வந்தவர் முழு லாபம். 95 சேலையையும் இந்த ஒரு ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேற்கொண்டு நான் விளக்க எதுவும் இல்லை.

இந்த மாதிரித் தயாரிப்பாளர்களுக்கு இந்தியாமார்ட் மாதிரியான சந்தைத் தளங்களும் ஒரு வழி. விசாரணை சீக்கிரம் வரும். ஆனால் அதே விசாரணை இன்னும் நாலைந்து பேருக்கும் போயிருக்கும், விலையை அடித்துப் பேசுவார்கள். நம் வெப்சைட்டைத் தேடி வந்தவர் நம்மைப் படித்துவிட்டு வந்தவர், பேரத்தின் சூடு குறைவு. கப்பலூர்க்காரர் இரண்டையும் வைத்திருக்கிறார்.

ஒரு தடவைக் கூலி, ஒரு மாத விளம்பரம்

சேலைக்கடை அண்ணன் மாதிரி ஆட்களுக்கு எனக்குப் பிடித்த வழி, ஒரு தடவை கூலி. கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே இந்த வேலை செய்கிற பையன்கள், பெண்கள் ஊருக்குள் நிறைய இருக்கிறார்கள். லிஸ்டிங்கைச் சரிசெய்து, நாற்பது போட்டோ எடுத்துப் போட்டு, வெப்சைட்டில் நாலைந்து உருப்படியான பக்கம் எழுதி, சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று பேசி முடிக்கலாம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் வந்து பார்க்கட்டும், அதற்குத் தனிக் கூலி.

உள்ளூர் ஆள் என்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. சுங்குடி என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக அடிக்கிறார்கள். sungudi, sungidi, sungadi, sunkidi, முதல் எழுத்தையே மாற்றி chungidi. இது மதுரைப் பிள்ளைக்குத் தெரியும். அண்ணனுடைய ஏஜென்சி வேறு ஊர். மாதம் எட்டுக் கட்டுரை என்று எழுதித் தள்ளியிருந்தார்கள், எல்லாம் ஏஐ எழுதினது என்று முதல் வரியிலேயே தெரிந்தது. ஒன்றில் ‘பட்டுச் சேலைகளின் அரசி சுங்குடி’ என்று போட்டிருந்தது. அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "பட்டா? காட்டன்யா அது!" என்று எழுந்தே நின்றுவிட்டார். பரம்பரையாக முடிச்சுப் போட்ட குடும்பம் அது. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கின பருத்திச் சேலையை, அதை விற்கிறவர் வெப்சைட்டிலேயே பட்டாக்கிவிட்டார்கள்.

தரத்தைப் பார்க்காமல் தேடலுக்காக மொத்தமாக எழுதிக் குவிக்கிற பக்கங்களை ஸ்பேம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதியாகவே அறிவித்தது. அதுபோக, ‘சுங்குடியின் வரலாறு’ மாதிரிக் கேள்விகளுக்கு இப்போது கூகுளே மேலே ஏஐ பதில் எழுதிவிடுகிறது, 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும். வரலாறு படிக்க வந்தவர் அங்கேயே படித்துவிட்டுப் போய்விடுவார், கடைப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார். கட்டுச் சுங்குடியையும் அச்சுச் சுங்குடியையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று அண்ணன் தன் கையால் காட்டுகிற நாலு போட்டோவோடு ஒரு பக்கம் போட்டால், அது வேறு எங்கும் கிடைக்காது. அதற்கு எஸ்இஓ நிபுணர் வேண்டாம், நல்ல வெளிச்சம் வேண்டும்.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கூகுள் விளம்பரத்தில், ஒருவர் தட்டி உள்ளே வருகிற ஒவ்வொரு தடவைக்கும் காசு. இன்றைக்குப் போட்டால் இன்றைக்கே போன் வரும், நிறுத்தினால் அன்றைக்கே நின்றுவிடும். விளம்பரம் கொடுத்தால் சாதாரணத் தேடலிலும் மேலே வரலாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், அது பொய். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது கூகுளின் வாக்கு. பந்தல், கேட்டரிங், கல்யாண போட்டோ மாதிரி சீசன் தொழில்களுக்கு எஸ்இஓ சந்தாவைவிட இதுதான் பொருந்தும். தையில் திறந்து ஆடியில் மூடிக்கொள்ளலாம். சந்தாக்காரர் ஆடி மாதத்துக்கும் பில் அனுப்புவார்.

பல் டாக்டர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். கே.கே. நகரில் ஒரு தெருவுக்கு நாலு கிளினிக். அங்கே போட்டி மேப்பில்தான், அதனால் லிஸ்டிங், ரிவ்யூ, அப்பாயிண்ட்மென்ட் நம்பர் சரியாக இருந்தாலே முக்கால் வேலை முடிந்தது. மாதம் பல்லாயிரம் கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை.

சும்மா இருப்பது? வெண்கலக்கடைத் தெருவில் மூன்று தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருத்தரிடம் லிஸ்டிங்கே இல்லை. சில்லறை ஆள் உள்ளே வந்தால் அவருக்குத் தொந்தரவு. அவர் சும்மா இருக்கட்டும்.

மஞ்சப்பை அண்ணனிடம் ஏஜென்சிக்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். சந்தாவை நிறுத்துவதற்கு முன்னால் லிஸ்டிங், டொமைன், சர்ச் கன்சோல் மூன்றையும் அவர் ஜிமெயிலுக்கு மாற்றித் தரச் சொல்லி. மாற்றின பிறகுதான் நிறுத்துகிற கடிதம், முந்திவிடக்கூடாது. மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்பது நாள் ஆனது. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி 6,000 ரூபாய்க்கு மற்ற வேலையை ஒத்துக்கொண்டாள். காம்போசிஷனை விட்டு வெளியே வருவதா வேண்டாமா என்பதைத் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம். கட்டுச் சுங்குடிக்கு வெளியூர்க் கிராக்கி உண்மையிலேயே இருக்கிறதா என்று ஆறு மாத சர்ச் கன்சோல் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் போதும். இருந்தால் அப்போது சந்தாவைப் பற்றிப் பேசலாம், அந்தச் சேலையில் நிற்கிற லாபமும் 150 இல்லை.

போன வாரம் மறுபடி படியேறி வந்தார், கையில் பை இல்லை, போன் மட்டும்.

"சார், தேரோட்டத்தன்னைக்கு நாலு மாசி வீதியும் அடச்சிருவாங்க. கட லீவு. திருநகர்க்காரக மேப்ப நம்பி வந்துட்டு அங்கிட்டு இங்கிட்டு அலையக்கூடாதுல்ல. அத எதுல போடுறது?"

சிறப்பு நேரம் என்கிற இடத்தைக் காட்டினேன். அவரே தேதியைத் தட்டி, ‘மூடப்பட்டிருக்கும்’ என்பதை அழுத்தினார். அதற்கு அரை நிமிஷம் ஆனது.